கனடா எக்ஸ்பிரஸ் என்ட்ரி: அந்த அரை பேண்டை விடாதீர்கள்

எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பது, புள்ளிகளின் அடிப்படையில் கனடாவில் குடியேற ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறை. அதற்கான ஆங்கிலத் தேர்வுகளில் ஒன்றான ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் டிரெயினிங்கில் சி.எல்.பி 9 (கனடாவின் மொழித்திறன் அளவுகோலில் 9-ஆம் நிலை) என்றால் லிசனிங்கில் 8.0 பேண்ட் (தேர்வு மதிப்பெண்), ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7.0. பலர் லிசனிங்கிலும் 7 போதும் என நினைத்துத் தயாராகிறார்கள். அங்கேதான் சறுக்கல்.

முதுகலைப் பட்டமும் கனடாவுக்கு வெளியே மூன்றாண்டு வேலை அனுபவமும் உள்ள, துணையின்றி விண்ணப்பிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மற்ற மூன்றிலும் சி.எல்.பி 9 இருந்து, லிசனிங் மட்டும் 7.5-இலிருந்து 8 ஆனால், மொழிக்கு 8 புள்ளி கூடும். அதோடு படிப்பையும் அனுபவத்தையும் மொழித்திறனோடு சேர்த்துப் பார்த்துத் தரும் கூட்டுப் புள்ளிகள் தலா 25-இலிருந்து 50 ஆகும். ஆக மொத்தம் 58! இவ்வளவு சீக்கிரம் புள்ளி ஏறும் வழிகள் குறைவு.

லிசனிங்கில் 8-க்கு 40-இல் சுமார் 35 சரியாக இருக்க வேண்டும். காதில் சரியாக விழுந்தும் எழுத்துப்பிழை, விட்டுப்போன பன்மை 's', சொல் வரம்பை மீறுதல் ஆகியவற்றால் மதிப்பெண் போகும். பயிற்சித் தேர்வில் தவறியவற்றை 'கேட்கவில்லை', 'தவறாக எழுதினேன்' என இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். இரண்டாவது வகையைச் சில வாரங்களில் சரிசெய்துவிடலாம்.

ரைட்டிங்கில் கட்டுரைக்குக் கடிதத்தைப்போல இரு மடங்கு எடை. 20 நிமிடத்தில் கடிதத்தை முடித்து, 40 நிமிடத்தைக் கட்டுரைக்கு ஒதுக்குங்கள். கடிதத்தில் கேட்ட மூன்று குறிப்புகளில் ஒன்றை விட்டாலும் பேண்ட் இறங்கும்.

இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களைக் கலக்க முடியாது. நான்கும் ஒரே தேர்வில் வர வேண்டும். முடிவு இரண்டாண்டுதான் செல்லும், நிரந்தர வசிப்புரிமைக்கு (பி.ஆர்) விண்ணப்பிக்கும் நாளிலும் அது காலாவதியாகாமல் இருக்க வேண்டும். புதிய மதிப்பெண் வந்ததும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி சுயவிவரத்தில் நீங்களே மாற்றுங்கள், தானாக ஏறாது.