ஃபெல்லோஷிப் இணையப் பக்கத்தை நம்புவதற்கு முன்: இளம் சர்ஜன்களுக்கு ஒரு செய்முறை

பினாங்கில் என்னோடு வேலை செய்யும் இளம் சர்ஜன்கள் பலர் மாஸ்டர்ஸ் என்ற சிறப்பு மருத்துவர் படிப்பை முடித்த கையோடு வெளிநாட்டு ஃபெல்லோஷிப், அதாவது ஒரு துணைத்துறையில் மேற்பயிற்சி, தேடுகிறார்கள். ஒன்கால் (அவசர அழைப்புப் பணி) முடிந்து பசியாறும் நேரத்தில் கைப்பேசியை நீட்டி, “அக்கா, இந்த இடம் எப்படி?” என்று கேட்பார்கள். அந்தப் பக்கம் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. ஒரு வெளிநாட்டு மருத்துவமனையின் பக்கத்தில் பன்னிரண்டு மாதப் பயிற்சி என்று இருந்ததை நம்பி விண்ணப்பித்தேன். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு என்று பணமெல்லாம் கட்டியாயிற்று. நேர்காணலில்தான் சொன்னார்கள், முதல் ஆறு மாதம் ஆய்வு வேலை மட்டும், ஆபரேஷன் தியேட்டர் பக்கமே போக முடியாது என்று. பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

படி 1: அட்டவணை போடுங்கள்

எக்செலில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வரிசை. மேலே தலைப்புகள்: காலம், சம்பளம், ஒன்கால், ஆபரேஷன் எண்ணிக்கை, ஃபெல்லோக்கள் எத்தனை பேர், வெளிநாட்டவருக்குத் தகுதி, விசா, கடைசி நாள், முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே. விவரம் கிடைக்காவிட்டால் கட்டத்தை வெற்றாக விடாமல் “சொல்லவில்லை” என்றே எழுதுங்கள். பல துறைகளில் இந்தப் பக்கங்களை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான்: பேராசிரியர்களின் பட்டியலும் விண்ணப்பிக்கும் வழியும் பெரும்பாலும் இருக்கும், நமக்கு வேண்டிய சம்பளமும் ஆபரேஷன் எண்ணிக்கையும் பழைய மாணவர் விவரமும் பல இடங்களில் இருக்காது.

படி 2: கத்தி உங்கள் கைக்கு வருமா?

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். “ஃபெல்லோ” என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஒரு வருடம் முழுக்க ஆபரேஷன் செய்பவரும் ஃபெல்லோ. மூன்று வாரம் பின்னால் நின்று பார்ப்பவரும் சில இடங்களில் “விசிட்டிங் ஃபெல்லோ”.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. அந்தப் பக்கம் உங்களிடம் மருத்துவ உரிமம் கேட்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் நோயாளியைத் தொட்டு வைத்தியம் செய்ய வேண்டுமானால் ஜிஎம்சி என்ற பிரிட்டன் மருத்துவ மன்றத்தின் பதிவும் பணி உரிமமும் கட்டாயம். அமெரிக்காவில் வெளிநாட்டில் படித்தவர் மருத்துவப் பயிற்சியில் சேர, வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளின் தகுதியைச் சரிபார்க்கும் ஈசிஎஃப்எம்ஜி அமைப்பின் சான்றிதழ் வேண்டும். பாஸ்போர்ட், சிவி, ஒரு சிபாரிசுக் கடிதம் மட்டும் போதும் என்று ஓரிடம் சொன்னால், அது பெரும்பாலும் பார்வையாளர் இடம்தான். பார்வையாளராகப் போவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் கை பழக வேண்டும் என்று எண்ணிக் கடன் வாங்கிப் போகாதீர்கள்.

அமெரிக்கப் பக்கங்களில் இன்னொன்று. ஏசிஜிஎம்இ (அங்கே மருத்துவப் பயிற்சி இடங்களை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற இடங்கள் பொதுவாக அதே அங்கீகாரமுள்ள ரெசிடென்சி, அதாவது அங்கத்திய சிறப்பு மருத்துவர் பயிற்சி, முடித்தவரையே எதிர்பார்க்கும். விதிவிலக்கு மிகக் குறைவு. அங்கீகாரம் இல்லாத நல்ல ஃபெல்லோஷிப்களும் உண்டு. நம் மாஸ்டர்ஸை ஏற்கிறார்களா என்பதைத் தகுதிப் பகுதியில் வரி வரியாகப் படியுங்கள்.

படி 3: எண்ணிக்கையை வகுத்துப் பாருங்கள்

“ஆண்டுக்கு 600 ஆபரேஷன்கள்” என்று இருக்கும். அது பெரும்பாலும் துறை முழுவதற்குமான கணக்கு. மூன்று ஃபெல்லோக்கள் இருந்தால் ஆளுக்கு 200. அதிலும் ரெசிடெண்டுகள் எடுப்பது போக, நீங்கள் முதன்மை சர்ஜனாக நின்று செய்வது எத்தனை? அந்த ஒரு எண்தான் நமக்கு முக்கியம்.

படி 4: பக்கத்தின் வயது

அடியில் உள்ள பதிப்புரிமை ஆண்டை நம்ப வேண்டாம், பல தளங்களில் அது தானாக மாறும். “தற்போதைய ஃபெல்லோக்கள்” என்ற படத்துக்குக் கீழே எந்த ஆண்டு போட்டிருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அதே முகவரியைப் போட்டால் பழைய வடிவங்கள் வரும். ஐந்து வருடமாக ஒரு சொல்கூட மாறவில்லை என்றால் சம்பளமும் தேதியும் பழையதாக இருக்கலாம்.

படி 5: வெளியே சரிபார்க்கவும்

ஏசிஜிஎம்இயின் பட்டியல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஜிஎம்சி பதிவேட்டில் பயிற்றுநரின் பெயரை இலவசமாகத் தேடலாம். இந்தியாவில் எஃப்என்பி என்ற ஃபெல்லோஷிப் என்றால், அதை நடத்தும் தேசியத் தேர்வு வாரியமான என்பிஇஎம்எஸ் அங்கீகரித்த மருத்துவமனையா என்று பாருங்கள்.

நம் மலேசியப் பக்கத்தையும் மறக்காதீர்கள். 2017 ஜூலை 1 முதல் இங்கே சிறப்பு மருத்துவராக வேலை செய்யத் தேசிய சிறப்பு மருத்துவர் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். எந்தத் துணைத்துறைக்கு என்ன பயிற்சியை ஏற்பார்கள் என்பதை விமான டிக்கெட் வாங்கும் முன்பே மலேசிய மருத்துவ மன்றத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 6: “சொல்லவில்லை” கட்டங்களைக் கேள்வியாக்குங்கள்

ஒருங்கிணைப்பாளருக்கு நான்கே கேள்விகள்: முதன்மை சர்ஜனாகச் சென்ற ஆண்டு ஃபெல்லோ செய்தது எத்தனை? சம்பளம் யார் தருகிறார்கள்? ஆய்வுக்கு எத்தனை மாதம்? தற்போதைய ஃபெல்லோ ஒருவரோடு பேச முடியுமா? கடைசிக் கேள்விக்கு நழுவலான பதில் வந்தால் நான் அந்த வரிசையைச் சிவப்பாக்கிவிடுவேன்.

டொராண்டோ போன்ற ஊர் என்றால் அங்கே கோடைக்காலத்தில் நம் நேரம் இரவு ஒன்பதுக்கு அனுப்புங்கள். அங்கே காலை ஒன்பது, அப்போதுதான் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.