‘சீலா அறுத்துட்டு’ என்று சொல்லும் முன்: ஸ்டீல் அசிஸ்ட் ஹூக் கட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் என்னோடு படகில் வந்த தம்பி ஒருவர், வீட்டில் தானே கட்டிய ஸ்டீல் அசிஸ்ட் ஹூக்குகளை, அதாவது எஃகுக் கம்பியில் கட்டிய தூண்டில் முட்களை, ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஒன்றை எடுத்து, கம்பியை இறுக்கிப் பிடிக்கும் சிறு உலோகக் குழாயான ஸ்லீவை நகத்தால் வருடிப் பார்த்தேன். இரண்டு ஓரமும் தகடாக நசுங்கியிருந்தன.

“எதுல அமுக்குனீங்க?”

“கட்டிங் பிளேயர்லதாண்ணே. நல்லா இறுக்கி அமுக்கிருக்கேன்.”

மதியத்துக்குள் இரண்டு முள் போய்விட்டது. இரண்டு தடவையும், “சீலா அறுத்துட்டுண்ணே” என்றார். பத்து வருஷத்துக்கு முன்னால் நான் சொல்லிக்கொண்டு திரிந்த அதே பேச்சு.

முனை மழுங்கிய முள், பொருந்தாத ரிங் போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு நாள் கடலுக்குப் போனால் அதெல்லாம் தானாகவே புரிந்துவிடும். வருஷக்கணக்கில் கண்ணில் படாமல் ஏமாற்றுகிற தவறுகள்தான் எனக்கு எரிச்சல்.

பெயர்க் குழப்பம் வேண்டாம். நான் சீலா என்பது சென்னையில் வஞ்சிரம்; சில ஊர்களில் நெய்மீன். சென்னையில் ஷீலா என்று விற்பது எங்கள் தூத்துக்குடிப் பக்கம் ஊளி. இரண்டுக்கும் அறுக்கிற பல் உண்டு.

எல்லா மீனுக்கும் ஸ்டீல் கட்டுவது

அசிஸ்ட் ஹூக் ஜப்பானிய ஜிக்கிங்கோடு நம்மிடம் வந்த சங்கதி. ஜிக்கின், அதாவது மீன்போல ஆடும் ஈய இரையின், வாலில் மும்முள் தொங்குவதற்குப் பதிலாக, தலைப்பக்கம் சிறு கயிற்றில் ஒற்றை முள் தொங்கும். தூண்டில் நூலின் நுனியில் சேர்க்கும் தடித்த நரம்பான லீடரின் முடிச்சு, வெட்டில்லாத முழு வளையமான சாலிட் ரிங்கில். முள்ளின் கயிறும் அதே ரிங்கில். ஜிக் மட்டும் சாவி வளையம்போன்ற ஸ்ப்ளிட் ரிங் வழியாக அதில் தொங்கும். மீன் மாட்டிவிட்டால் இழுவை முள்ளிலிருந்து ரிங்குக்கும் ரிங்கிலிருந்து லீடருக்கும் நேராகப் போகும். மீன் எவ்வளவு தலையை உதறினாலும் ஜிக்கின் எடையால் முள்ளை நெம்பிக் கழற்ற முடியாது.

அந்தக் கயிறு மெத்தென்று இருப்பதற்குக் காரணம் உண்டு. பாறை மீனோ களவா மீனோ வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும்போது, முள் அந்த ஓட்டத்தோடு உள்ளே போக வேண்டும். கம்பி அப்படி இளகிக் கொடுக்காது. பாறைக்கும் களவாவுக்கும் போகிற நாளில் ஸ்டீலை டப்பாவிலேயே விட்டுவிடுங்கள். சீலாவும் ஊளியும் திரிகிற இடத்தில்தான் அதற்கு வேலை. அங்கே கயிறு ஒரு கடிக்குத் தாங்கினால் அதிர்ஷ்டம்.

ஸ்டீல் அசிஸ்ட் போட்டுவிட்டால் லீடரும் தப்பிக்கும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். முள்ளைத் தொங்கவிடும் கம்பி லீடரை எப்படிக் காப்பாற்றும்? ரிங்குக்கு மேலே ஒரு கடி விழுந்தால் ஜிக், ரிங், நீங்கள் கட்டிய முள் எல்லாம் சேர்ந்தே போகும். அதற்கு லீடர் நுனியில் தனியாகக் கம்பி சேர்க்க வேண்டும்.

பிரேக் கம்பி

சைக்கிள் பிரேக் கம்பி வேண்டாம். கிடார் கம்பியும் வேண்டாம். சிரிக்காதீர்கள், இரண்டிலும் நான் கட்டிப் பார்த்திருக்கிறேன்.

ஸ்லீவின் ஓரத்தை நசுக்குவது

என் பணத்தையும் இரண்டு பருவத்தையும் தின்ற தவறு இதுதான்.

அப்போது 7 இழைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தேன், 90 பவுண்டு தாங்கும் வகை. லீடர் 60 பவுண்டு. கணக்குப்படி லீடர்தான் முதலில் அறுபட வேண்டும். ஒரு நாள் 20 பாகம் (ஏறக்குறைய 36 மீட்டர்) ஆழத்தில், கடலடிப் பாறைத் திட்டான ஒரு பாருக்கு மேலே 80 கிராம் ஜிக்கை வேகமாக மேலே இழுத்துக்கொண்டிருந்தபோது சீலா அடித்தது. ரீலின் பிரேக்கான டிராக் அலறியது. 10 விநாடி இருக்கும், கனம் போய்விட்டது. சுற்றி எடுத்தால் ஜிக் பத்திரமாக வந்தது. முள்ளைக் காணோம். ரிங்கில் ஸ்லீவ் மட்டும் தொங்கியது.

“பல்லு பட்டிருக்கும்” என்றேன். படகில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். கடைக்குப் போனேன். கடைக்காரரும் தலையாட்டி, 140 பவுண்டு கம்பியை எடுத்துக் கொடுத்தார். கம்பி தடித்ததால் ஸ்லீவும் பெரிதாக வாங்க வேண்டியிருந்தது. பெரிய ஸ்லீவை அமுக்க பிளேயரை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினேன். விறைத்த கம்பி முள்ளை ஜிக்கிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கச் செய்தது. ஜிக் ஆடவில்லை, கடி குறைந்தது. கடித்த ஒன்றிரண்டும் பழையபடியே போயின.

எனக்குச் சந்தேகம் வராததற்கு ஒரு காரணம் இருந்தது. கட்டிய ஒவ்வொரு முள்ளையும் நான் இழுத்துப் பார்த்திருந்தேன். பெட்டி எடை பார்க்கும் கைத்தராசில் கொக்கியை மாட்டி, முள்ளைக் கட்டையில் அடித்த ஆணியில் கோத்து இழுப்பேன். 30 கிலோ தாண்டியும் அசையாது. 60 பவுண்டு லீடர் தாங்குவதே ஏறக்குறைய 27 கிலோதான். அப்புறம் எதற்கு ஸ்லீவைச் சந்தேகப்பட வேண்டும்? தராசே சாட்சி சொல்லிவிட்டதே!

கண்ணைத் திறந்துவிட்டவர் படகுக்கார அண்ணாச்சி. சின்ன வயசிலிருந்து தங்கூசியில் (நைலான் நரம்பில்) கம்பி கட்டிச் சீலா பிடித்தவர். அறுந்து வந்த ஸ்லீவை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது மீன் அறுத்ததில்லலா. நீ வீட்டுலயே பாதி அறுத்துட்டு வந்திருக்க” என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து அந்த ஸ்லீவை செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். கம்பி ஸ்லீவின் வாயிலேயே, கத்தரித்தாற்போல முறிந்திருந்தது. அந்த வருஷத் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும் நாட்களில், ஏற்கெனவே கடலில் போட்டு எடுத்த முட்களை எல்லாம் மேஜையில் கொட்டி, ஒவ்வொன்றையும் ஸ்லீவின் வாயருகே வளைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஓர் இழையாவது விண்டு முள்ளாகக் குத்தியது. சிலவற்றில் 7 இழையில் 3 இழைதான் மிச்சம். ஒரு மீனும் தொடாதவையும் அதில் இருந்தன.

நடப்பது இதுதான். பிளேயரின் தட்டைத் தாடை உருண்டையான ஸ்லீவைச் சப்பையாக்குகிறது. ஓரம்வரை அமுக்கினால் ஸ்லீவின் வாய் கூர்விளிம்பாகிக் கம்பியில் பதிகிறது. அந்த இடத்தில் இழைகளில் மெல்லிய வெட்டு விழுகிறது. புதிதாக இருக்கும்போது நேராக இழுத்தால் தாங்கும், தராசும் ஏமாறும். கடலிலோ தூண்டிலைச் சுண்டி இழுக்கும் ஒவ்வொரு ஜெர்க்குக்கும் முள் ஊஞ்சலாடுகிறது, கம்பி அதே விளிம்பில் அப்படியும் இப்படியும் வளைகிறது. காலையிலிருந்து மதியம்வரை எத்தனை ஆயிரம் ஜெர்க்! பேப்பர் கிளிப்பை வளைத்து வளைத்து முறிப்போமே, அதேபோல இழைகள் ஒவ்வொன்றாகப் போகும். கடைசியில் சீலா அடிக்கும்போது அதற்கு அறுக்கவே வேலை மிச்சமிருக்காது.

கம்பி எங்கே, எப்படிப் போயிருக்கிறது என்று பார்த்தாலே யார் குற்றம் என்று தெரிந்துவிடும். பல் பட்டிருந்தால் கம்பியின் நடுவில் கீறல் இருக்கும், நைலான் உறை பல இடத்தில் கிழிந்திருக்கும், இழைகள் ஏறுக்குமாறான நீளத்தில் அறுந்திருக்கும். ஸ்லீவின் வாயோடு வாயாக முறிந்திருந்தால் குற்றவாளி உங்கள் பிளேயர். ஸ்லீவ் காலியாக, கம்பி நுனி பன்றிவால்போலச் சுருண்டிருந்தால் அமுக்கம் போதாமல் நழுவியிருக்கிறது.

இப்போது நான் செய்வது இப்படி. கம்பி இரண்டு தடவை சற்றே சிரமப்பட்டு நுழையும் அளவில்தான் ஸ்லீவ். தொளதொளவென்று இருந்தால் எவ்வளவு அமுக்கினாலும் பிடி கிடைக்காது. கம்பியை நல்ல கட்டரால் ஒரே வெட்டில் நறுக்க வேண்டும். நகவெட்டியால் நறுக்கினால் இழை பிரிந்து, ஒன்று ஸ்லீவுக்கு வெளியே நின்றுவிடும். கம்பியை ஸ்லீவில் நுழைத்து, முள்ளின் கண்ணில் முனை இருக்கும் பக்கத்திலிருந்து விட்டு, திரும்ப ஸ்லீவுக்குள் கொண்டுவந்து, நுனி மறுபக்கம் ஒரு மில்லிமீட்டர் எட்டிப் பார்க்கும்படி நிறுத்துகிறேன். நுனி உள்ளேயே நின்றால் அரைப் பிடி. அதிகம் நீண்டால் விரலைக் குத்தும். பிறகு ஸ்லீவின் அளவுக்குப் பொருந்தும் குழியுள்ள கிரிம்பரால் நடுவில் ஓர் அமுக்கு, அதன் இருபக்கமும் ஒவ்வோர் அமுக்கு. இரண்டு ஓரத்திலும் ஒரு மில்லிமீட்டரை அமுக்காமல் விட வேண்டும். அந்த வாய் சிறு புனல்போல விரிந்தே இருக்கட்டும். கம்பி வளைவதற்கு அது இடம் தரும்.

நல்ல கிரிம்பருக்குக் காசு அதிகம் என்று தம்பி சலித்துக்கொண்டார். இரண்டு தடவை ஆழ்கடலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய படகு வாடகைப் பங்கை எண்ணிப் பார்க்கச் சொன்னேன்.

சோதனையையும் மாற்றிவிட்டேன். சேர்த்துக் கட்டிய ஒரு தொகுப்பில் ஒன்றைப் பலியாக எடுத்து, ஸ்லீவின் வாயருகே 200 தடவை இருபக்கமும் வளைத்த பிறகுதான் தராசில் மாட்டுகிறேன். அதுவும் தாங்கினால் மற்றவை டப்பாவுக்குப் போகும். இழுக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முள்ளைக் கையால் பிடிக்காதீர்கள். தெறித்தால் முகத்துக்குத்தான் வரும். கம்பியும் இப்போது 49 இழை: 7 இழை கொண்ட 7 கொத்துகளை முறுக்கியது. விலை கூட, ஆனால் இழை மெலிதாக இருப்பதால் அதே தடிமனில் நன்றாக இளகும், வளைவுக்கும் அதிகம் தாங்கும்.

நீளம்

முள் ஜிக்கின் மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் தொங்கினால் போதும். நீண்டுவிட்டால் முள் ஜிக்கின் இடுப்பைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும், அல்லது மேலே புரண்டு லீடரில் மாட்டும். அதற்குப் பிறகு நீங்கள் இழுப்பது சும்மா ஈயத்தை. முள்ளின் வாயகலம் ஜிக்கின் அகலத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். குறைவாக இருந்தால் ஜிக்கே முள்ளின் வாயை அடைத்துவிடும்.

சீலா வாலைக் கடித்து இரையை முடமாக்கும் பழக்கம் உள்ளது. “அதனால்தான் கம்பியை நீளமாக்கினேன்” என்பார்கள். வாலில் கடி விழுகிறது என்றால், மேலே இருப்பதை நீட்டுவதைவிட, ஜிக்கின் வால் வளையத்தில் இன்னொரு குட்டை அசிஸ்ட் போடுவது மேல்.

கம்பியை ஸ்ப்ளிட் ரிங்கில் கோப்பது

இடுக்கில் புகுந்துகொள்ளும். சாலிட் ரிங்கில் மட்டும்.

சூப்பர் குளு

ஸ்லீவ் சரியாக இருந்தால் தேவையில்லை. சரியில்லை என்றால் உதவாது.

அலுமினியம் ஸ்லீவ்

தங்கூசிக்கு அலுமினியம் ஸ்லீவ் போடலாம். ஸ்டீல் கம்பியில் போட்டு உப்புத்தண்ணீரில் நனைத்தால் இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரியாகிவிடும். அரிபடுவது அலுமினியம். வெள்ளைப் பொடி படிந்த ஸ்லீவைப் பார்த்தால் யோசிக்காமல் வெட்டிப் போடுங்கள். ஸ்டீல் கம்பிக்கென்றே விற்கும் தாமிர, பித்தளை ஸ்லீவ்கள் இருக்கின்றன.

ஷ்ரிங்க் டியூபும் மறைந்த துருவும்

சூடுபட்டால் சுருங்கி இறுகும் கறுப்பு ஷ்ரிங்க் டியூப் போட்டால் கடையில் வாங்கியதுபோல இருக்கும். அந்த ஆசை எனக்கும் இருந்தது. இரண்டு தொல்லை. லைட்டரால் சுடும்போது உள்ளே நைலான் உறை உருகும், வெளியே தெரியாது. டியூப் இறுகிய பிறகு உள்ளே புகுந்த உப்புத்தண்ணீர் வெளியே வராது. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் இருந்தாலும், காற்றுப் படாத இடுக்கில் உப்பு தங்கினால் அதுவும் அரிக்கும். நைலான் உறைக்கு உள்ளேயும் இதே கதை. உறை பளபளவென்று இருக்கும், உள்ளே இழை பழுப்பேறிக் கிடக்கும்.

அதனால் டியூப் போடுவதை விட்டுவிட்டேன். முள் ஆடாமல் நிற்க வேண்டுமென்றால் முள்ளின் கண்ணருகே மட்டும் ஒரு சிறு துண்டு போடலாம், ஸ்லீவ் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். துருவேறிய பழைய முட்களோடு ஈரமாக ஒரே டப்பாவில் போட்டால், அடுத்த வாரத்துக்குள் புதியவையும் பழுத்துவிடும்.

சுருண்ட கம்பியை நிமிர்த்தி மறுபடி போடுவது

நல்ல மீன் ஒன்று ஏறியபின் கம்பி நெளிந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. விரலால் நீவி நிமிர்த்தலாம். நெளிவு இருந்த இடத்தில் இழை நிமிராது. முள்ளை வெட்டி எடுத்து, கூர் தீட்டி, புதுக் கம்பியில் கட்டிக்கொள்ளுங்கள்.

தம்பியின் டப்பாவில் மீந்திருந்தவற்றை அன்றைக்கு மாலையே கரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தோம். நான்காவதில் ‘டிக்’ என்று ஓர் இழை விட்டது. அவர் எதுவும் பேசவில்லை. டப்பாவை மூடிவிட்டு, கிரிம்பர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.