மதுரை வெயிலில் கோகோ வெண்ணெய்: எங்கே பூசுவது, எங்கே தவிர்ப்பது

கோகோ விதையின் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்புதான். அதைப் பிழிந்தெடுத்து, வெளிர்மஞ்சள் கட்டிகளாகவும் வில்லைகளாகவும் கோகோ பட்டர் என்ற பெயரில் விற்கிறார்கள். ஏறத்தாழ 34 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும் பொருள் இது. மார்கழியில் இறுகிக் கிடக்கும் கட்டியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் உடற்சூட்டிலேயே இளகும். 40 டிகிரியைத் தொடும் மதுரைச் சித்திரையிலோ அலமாரியில் இருந்தபடியே எண்ணெயாகிவிடும். எனவே இந்த ஊரில் இதைப் பயன்படுத்துவோர் பருவத்தையும், உடலில் பூசும் இடத்தையும் பார்த்தே பயன்படுத்த வேண்டும்.

இதில் ஸ்டியரிக், ஒலீயிக், பால்மிட்டிக் ஆகிய கொழுப்பு அமிலங்களே மிகுதி. இவை தோலின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகாமல் தடுக்கின்றன. கோகோ வெண்ணெயில் நீர் கிடையாது என்பதால் வறண்ட தோலில் அப்படியே பூசுவதில் பயன் குறைவு. குளித்துத் துவட்டிய சில நிமிடங்களுக்குள், தோலில் ஈரம் இருக்கும்போதே, முழங்கை, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் சிறிதளவு தேய்க்க வேண்டும். ஆடிக் காற்றில் தோல் வெளுத்துச் சொரசொரப்பாகிறவர்களுக்கு இது நன்றாகவே உதவும்.

இதன் முழுப் பயனும் தெரிவது பித்தவெடிப்பில்தான். வெறுங்காலோடு நடப்பவர்களுக்கும், நாள் முழுவதும் நின்று வேலை செய்பவர்களுக்கும் குதிகால் தடித்து வெடிப்பது வழக்கம். இரவில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் பாதங்களை ஊறவைத்து, தடித்த தோலைப் பாதம் தேய்க்கும் கல்லால் மெதுவாகத் தேய்த்து, ஒற்றித் துடைத்தபின் கோகோ வெண்ணெயை வெடிப்புகளில் அழுத்திப் பூசிப் பருத்திக் காலுறை அணிந்துகொள்ளலாம். காலுறை இல்லாமல் டைல்ஸ் தரையில் நடந்தால் வழுக்கும் என்பதை, குறிப்பாக முதியவர்கள் உள்ள வீட்டில், மறக்கக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களும், வெடிப்பில் இரத்தமோ சீழோ காண்பவர்களும் கைவைத்தியம் செய்யாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உதட்டுக்கு ஒரு தைலத்தை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். தேன்மெழுகு 10 கிராம், கோகோ வெண்ணெய் 10 கிராம், தேங்காய் எண்ணெய் 20 கிராம் ஆகியவற்றைச் சிறு பாத்திரத்தில் இட்டு, அதை வெந்நீருள்ள பெரிய பாத்திரத்திற்குள் வைத்து, மிதமான தீயில் உருக்கிச் சிறு டப்பாக்களில் ஊற்ற வேண்டும். ஒரு துளி நீரும் கலக்கக் கூடாது. கோடையில் இந்த அளவு தளர்ந்துபோகும். அப்போது மெழுகையும் தேங்காய் எண்ணெயையும் 15 கிராம் வீதம் எடுத்துக்கொண்டால் தைலம் ஓரளவு இறுக்கமாக நிற்கும்.

முகத்துக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. இது மயிர்க்கால்களை அடைக்கக்கூடியது. வியர்வையும் தூசியும் மிகுந்த நம் ஊரில், எண்ணெய் வடியும் முகத்தில் பூசுவது பருவை வரவழைப்பதற்குச் சமம். வெயிலிலிருந்து காக்கும் சன்ஸ்கிரீனுக்கும் இது மாற்றாகாது. கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் கோடு விழாமல் தடுக்கும் என்று காலங்காலமாகச் சொல்லப்படுவதற்கும் போதிய ஆதாரம் இல்லை. லெபனானில் கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வில், கோகோ வெண்ணெய் லோஷன் பூசியவர்களுக்கும் அது கலவாத லோஷன் பூசியவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வயிற்றில் அரிப்பும் வறட்சியும் தணியப் பூசிக்கொள்வதில் தவறில்லை. கோடு மறையும் என்ற விளம்பரத்துக்காக அதிக விலை கொடுப்பதுதான் வீண்.

வாங்கும்போது சேர்மானப் பட்டியலைப் பார்க்க வேண்டும். தூய பொருளானால் தியோப்ரோமா ககாவோ சீட் பட்டர் என்ற ஒன்றே இருக்கும். லோஷன்களில் அந்தப் பெயர் பட்டியலின் கடைசியில் வந்தால் அளவு மிகக் குறைவு என்று கொள்ளலாம். சுத்திகரிக்காத வகையில் சாக்லேட் மணம் வீசும்; மணம் ஒவ்வாதவர்கள் மணம் நீக்கிய வகையை வாங்கலாம். எதுவானாலும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

கோடையில் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நல்லது. பகலில் உருகி இரவில் உறைந்தால் மேலே வெண்மை படரும், தொட்டால் மணல்போல் நெருடும். அது கெட்டுவிட்டதற்கு அடையாளமன்று. மீண்டும் உருக்கி ஆறவைத்துப் பயன்படுத்தலாம். சிக்கு வாடை அடித்தால் மட்டும் எறிந்துவிட வேண்டும்.