பாக்ஸ் பமீர்: புதிதாக ஆடுபவர்கள் சறுக்கும் இடங்கள்

பாக்ஸ் பமீர் என்ற பலகை விளையாட்டை ஆட உட்காரும் புதியவர் முதலில் கேட்பது, "நான் எந்தக் கலர்?" துணி வரைபடத்தின் ஓரத்தில் பிரிட்டனுக்கு இளஞ்சிவப்பு, ரஷ்யாவுக்கு மஞ்சள், ஆப்கானுக்குப் பச்சை என்று கட்டைகள் அடுக்கியிருக்கும்போது அப்படித்தான் கேட்கத் தோன்றும். ஆனால் அந்தக் கட்டைகளில் ஒன்றுகூட உங்களுடையது இல்லை. உங்களுடையவை உங்கள் நிற உருளைகளும் (வைக்கும் இடத்தைப் பொறுத்து அவை குடி, உளவாளி அல்லது அன்பளிப்பு), முன்னால் விரித்திருக்கும் தர்பார் சீட்டுகளும், கையிலுள்ள ரூபாயும் மட்டும்தான். ஆப்கானிஸ்தானை ஆண்ட துரானி பேரரசு சிதறிப்போன பிறகு மிச்சமிருந்த ஆப்கான் தலைவர்களில் நீங்கள் ஒருவர். பிரிட்டனும் ரஷ்யாவும் நீங்கள் பயன்படுத்திக்கொள்ள வந்தவர்கள். பிரிட்டன், ரஷ்யா, ஆப்கான் என்ற மூன்று அணிகளில் ஒன்றின் பக்கம் நிற்பீர்கள், அவ்வளவுதான்.

இதைப் பிடித்துக்கொள்ள காபூலை ஆண்ட தோஸ்த் முகமதின் கதை போதும். சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங்கிடம் போன பெஷாவரை மீட்க பிரிட்டிஷாரின் உதவியைக் கேட்டார். கிடைக்கவில்லை. காபூலில் பிரிட்டிஷ் தூதர் அலெக்சாண்டர் பர்ன்ஸ் இருந்தபோதே ரஷ்யத் தூதர் விட்கேவிச்சையும் வரவேற்றார். 1839இல் பிரிட்டிஷ் படை வந்து அவரை விரட்டி முன்னாள் மன்னர் ஷா ஷுஜாவை அரியணையில் அமர்த்தியது. 1840இல் சரணடைந்து இந்தியாவுக்கு வந்தவர், 1843இல் மறுபடி காபூலில் ஆட்சி செய்தார். 1855இல் அதே பிரிட்டிஷாரோடு உடன்படிக்கையும் செய்துகொண்டார். இந்த ஆட்டத்தில் ஜெயிப்பவர் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்வார்.

பலர் இதைப் போர் விளையாட்டு என்று நினைத்துப் படைகளைக் குவிக்கிறார்கள். புள்ளி கணக்கிடும் ஆதிக்கச் சோதனை வரும்போது, வரைபடத்தில் கட்டைகளாக நிற்கும் படைகளும் சாலைகளும் சேர்த்தே எண்ணப்படும். மற்ற ஒவ்வொரு அணியையும்விட நான்கு கட்டைகளாவது கூடுதலாக வைத்திருக்கும் அணிதான் ஆதிக்க அணி. பிரிட்டன் 7, ரஷ்யா 3, ஆப்கான் 2 என்றால் பிரிட்டன் ஜெயித்தது. சரி, புள்ளி யாருக்கு? கட்டைகளை வைத்தவருக்கு இல்லை. பிரிட்டன் பக்கம் இருப்பவர்களில் செல்வாக்கு அதிகமுள்ளவருக்கு 5, அடுத்தவருக்கு 3, மூன்றாமவருக்கு 1. அணியில் இருப்பதற்கே ஒன்று, அதன் பிறகு உங்கள் தர்பாரில் இருக்கும் அந்த அணிக்கே உரிய விசுவாசிச் சீட்டுகள், அணிக்குக் கொடுத்த அன்பளிப்புகள், துரோகம் செய்து கைப்பற்றிய வெகுமதிகள், இவைதான் செல்வாக்கு. ஒரு கட்டைக்கு இரண்டு ரூபாய் என்று கொடுத்து ஐந்து கட்டைகளைக் கட்டியவர் வாயைப் பிளந்துகொண்டிருக்க, மூன்று விசுவாசிகளோடு ஓரமாக இருந்தவர் ஐந்து புள்ளியை அள்ளிக்கொண்டு போவார். எந்த அணியும் ஆதிக்கம் பெறவில்லையென்றால் கணக்கே வேறு. ஆட்டத்தில் அதிக உருளைகளை இறக்கியிருப்பவருக்கு 3, அடுத்தவருக்கு 1. எனவே உங்கள் அணியில் நீங்கள் மூன்றாம் இடம் என்றால், அந்த அணி ஜெயிக்க உழைப்பது வீண் வேலை.

அணி மாறுவதில் இரண்டு விதமான தவறு நடக்கிறது. ஒரு சாரார் மாறவே மாட்டார்கள், ஏதோ சத்தியம் செய்து கொடுத்ததுபோல. இன்னொரு சாரார் நல்ல சீட்டு கண்ணில் பட்டதும், அது எதிரணி விசுவாசி என்பதைப் பார்க்காமல் தர்பாரில் வைத்துவிடுவார்கள். வைத்த கணமே அணி மாறிவிடும். பழைய அணியின் அன்பளிப்புகள், வெகுமதிகள், விசுவாசிகள் எல்லாம் போய்விடும். அன்பளிப்பின் விலை இரண்டு, நான்கு, ஆறு என்று ஏறும் என்பதால் நஷ்டம் கொஞ்சமல்ல. ஒரு சோதனையில் ஏதாவது அணி ஜெயித்தால் கட்டைகள் அனைத்தும் வரைபடத்திலிருந்து எடுக்கப்படும். மாறுவதற்கு வசதியான நேரம் பெரும்பாலும் அதுதான்.

என் கணிப்பில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது வேறொரு விதி. காந்தஹாரில் உங்களுக்கு இரண்டு குடிகள் இருக்கின்றன, அந்தப் பகுதி உங்கள் ஆட்சியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காந்தஹார் சீட்டை இறக்கும் மற்றவர்கள் உங்களுக்கு லஞ்சம் கொடுக்கிறார்கள். அங்கே நீங்கள் படை கட்டலாம், வரி வசூலிக்கலாம். ஆனால் தர்பாரில் காந்தஹாருக்கான ஊதாநிற அரசியல் சீட்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. எதிராளி அதன்மேல் ஓர் உளவாளியை நகர்த்துகிறார். அப்புறம் இரண்டு ரூபாய் கொடுத்துத் துரோகம் செய்கிறார். சீட்டு போனது. அந்தப் பகுதிக்கான கடைசி அரசியல் சீட்டு போனால் அங்குள்ள உங்கள் குடிகள் அனைத்தும் நீங்கும் என்பது விதி. வரைபடத்தில் ஒரு சண்டைகூட நடக்கவில்லை, ஆனாலும் ஆட்சி, லஞ்சம், வரி மூன்றும் ஒரே முறையில் காலி. இதே விதி எதிர்த்திசையிலும் வேலை செய்யும். ஒரு பகுதியில் உங்கள் கடைசிக் குடி வீழ்ந்தால், அந்தப் பகுதியின் அரசியல் சீட்டுகள் எல்லாம் தர்பாரிலிருந்து வெளியேறும்.

தற்காப்புக்கு வழி இருக்கிறது. முக்கியமான பகுதிக்கு இரண்டு ஊதாச் சீட்டுகளாவது வையுங்கள். உங்கள் சீட்டின்மேல் உங்கள் உளவாளியையும் நிறுத்துங்கள். சண்டை என்ற செயல் வரைபடத்துக்கு மட்டும் உரியது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். தர்பார் சீட்டின்மேலும் சண்டையிட்டு எதிரி உளவாளியை அகற்றலாம், அதற்கு அங்கே உங்கள் ஆள் இருக்க வேண்டும். உளவாளியைச் சும்மா சுற்றும் உருளை என்று ஒதுக்காதீர்கள்.

பணத்துக்கு வருவோம். பெட்டியில் மொத்தம் 36 ரூபாய்தான், ஆட்டத்துக்குள் புதுப்பணம் அபூர்வமாகத்தான் வரும். விற்பனைக்கு வரிசையாக அடுக்கியிருக்கும் சந்தையில் இடது கோடிச் சீட்டு இலவசம். வலப்பக்கம் போகப் போக, அதே வரிசையில் இடப்பக்கம் இருக்கும் ஒவ்வொரு சீட்டின்மேலும் ஒரு ரூபாய் வைக்க வேண்டும். அப்படி வைத்த பணம், பிறகு அந்தச் சீட்டை வாங்குபவருக்குப் போகும். அதனால் தூரத்துச் சீட்டுக்கு ஐந்து ரூபாய் இறைப்பது எதிராளிக்குச் சம்பளம் கொடுப்பதற்குச் சமம். சீட்டு வகைகளில் அப்போதைக்குச் சலுகை பெற்றிருப்பது விருப்பத் துறை. ராணுவம் விருப்பத் துறையாக இருக்கும்போது விலை இரட்டிப்பாகும், இதைக் கவனிக்காமல் திட்டம் போட்டுவிட்டுத் திருதிருவென்று விழிப்பவர்களைப் பார்க்கலாம். பணத்தைச் சேர்த்துவைப்பதும் ஆபத்துதான். ஒரு பகுதியை ஆள்பவர், அந்தப் பகுதிச் சீட்டை வைத்திருக்கும் யாரிடமும் வரி பிடுங்கலாம். மஞ்சள் பொருளாதாரச் சீட்டுகளின் நட்சத்திரங்கள் காப்பாற்றும் அளவுக்கு மேல் இருப்பது பறிபோகக்கூடிய பணம்தான். வரலாற்றிலும் பணம்தான் முதலில் உடைந்தது. மலைக்கணவாய்களைக் காத்த கில்சாய் பழங்குடியினருக்குக் கொடுத்துவந்த தொகையை 1841இல் காபூலிலிருந்த பிரிட்டிஷ் தூதர் மக்நாட்டன் குறைத்தார், அவர்கள் வழியை அடைத்துவிட்டார்கள். 1842 ஜனவரியில் காபூலிலிருந்து பின்வாங்கிக் கிளம்பிய பிரிட்டிஷ் தரப்பின் சுமார் 16,000 பேர் சிக்கிச் சிதைந்தது அந்தக் கணவாய்களில்தான். அவர்களில் பெரும்பாலானோர் இந்தியச் சிப்பாய்களும் பாளையத்தோடு வந்த எளிய மக்களும்.

தர்பாரின் அளவு மூன்று சீட்டு, கூடவே உங்கள் ஊதாச் சீட்டுகளின் நட்சத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. கையின் அளவு இரண்டு சீட்டு, கூடவே நீலச் சீட்டுகளின் நட்சத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. முறையின் முடிவில் மிஞ்சியது குப்பைக்குப் போகும். ஆதிக்கச் சோதனைச் சீட்டு சந்தையில் எங்கே நிற்கிறது என்பதில் ஒரு கண் இருக்கட்டும். யார் வேண்டுமானாலும் அதை விலை கொடுத்து வாங்கி, தனக்குச் சாதகமான நேரத்தில் சோதனையை நடத்திவிடலாம். ஒரு சோதனைக்குப் பிறகு யாராவது நான்கு புள்ளி முன்னால் இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. கடைசிச் சோதனைக்கு இரட்டைப் புள்ளி என்று நம்பிக் காத்திருந்தவருக்கு அந்தச் சோதனை வராமலே போகலாம்.

வாங்கும்போது பதிப்பைப் பாருங்கள். கோல் வெர்லி வடிவமைத்த இந்த ஆட்டத்தின் முதல் பதிப்பை 2015இல் சியரா மாட்ரே கேம்ஸ் வெளியிட்டது, அதில் வரைபடமே சீட்டுகளால் ஆனது. துணி வரைபடமும் பிசின் கட்டைகளும் கொண்ட இரண்டாம் பதிப்பு 2019இல் வெர்லிகிக் கேம்ஸ் மூலம் வந்தது. விதிகள் பெரிதும் மாறிவிட்டன. "அரிய பொருள்" என்று விற்கப்படும் பழைய பெட்டியை, இரண்டாம் பதிப்பு என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். கைபர் நைவ்ஸ் என்ற விரிவாக்கமும் முதல் பதிப்புக்கு உரியது, புதியதோடு சேராது. இரண்டாம் பதிப்பு பலமுறை மறுபடி அச்சாகியிருக்கிறது. யாராவது இரண்டு மடங்கு விலை சொன்னால், அடுத்த அச்சுக்குக் காத்திருப்பது மேல்.