சென்னைக்கு வேலை மாற்றலா? வீடு பார்க்கும் முன்

வேலை சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ கிடைத்து, குடும்பத்தோடு சென்னைக்கு வருகிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்காதீர்கள். அன்றைய சாலையை நம்பவே முடியாது. திங்கட்கிழமை காலை எட்டரைக்கு, அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். இதில் மட்டும் அவசரப்படவே கூடாது. ஒரு வாளி பிடித்து நுகர்ந்து பாருங்கள். குளியலறைத் தரையில் செம்பழுப்புக் கறை படிந்திருந்தால் ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு அதிகம் என்று பொருள். மே மாதம் லாரித் தண்ணீருக்கு எவ்வளவு செலவாகிறது என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், தரகரிடம் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. சுற்றுச்சுவரில் வெள்ளக் கோடு தெரிகிறதா, வாசற்படி சாலையைவிட உயரமா என்று பார்த்தே தீர வேண்டும்.

பள்ளி, அலுவலகம் இரண்டில் ஒன்றுதான் பக்கத்தில் அமையும் என்றால் பள்ளியையே தேர்ந்தெடுங்கள். ஆறு வயதுக் குழந்தை வேனில் ஒன்றரை மணி நேரம் தூங்கி வழிந்துகொண்டு வருவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்காது. கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கு நகருக்குள் வேலை என்றால் தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் பாருங்கள். மின்சார ரயில் கைகொடுக்கும்.