ரெப்போவுக்குள் பைனரி: சறுக்கும் இடங்கள்

ஃபர்ம்வேர் என்பது வைஃபை சிப் போன்ற சாதனங்களுக்குள் ஓடும் மென்பொருள். பெரும்பாலும் சோர்ஸ் இல்லாமல், படிக்க முடியாத பைனரிக் கோப்பாகவே வரும். "அது சிப் கம்பெனி தளத்திலேயே சும்மா கிடைக்கிறதே, எடுத்து நம் ரெப்போவில் (சோர்ஸ் கோட் வைக்கும் களஞ்சியத்தில்) போட்டால் என்ன?" முதல் சறுக்கல் இந்தக் கேள்வியில்தான். நாம் இறக்கிக்கொள்ளலாம் என்பது வேறு, அதை ஊருக்கு விநியோகிக்கலாம் என்பது வேறு. இரண்டாவது உரிமையைத் தராத ஃபர்ம்வேர் லைசென்ஸ்கள் உண்டு. தந்தாலும், திருத்தாதே, பிரித்துப் பார்க்காதே என்று நிபந்தனை போடுபவை உண்டு. ரெப்போ முகப்பில், யாரும் எடுத்துத் திருத்திப் பகிரலாம் என்னும் எம்ஐடி லைசென்ஸை வைத்துவிட்டு உள்ளே இப்படி ஒரு கோப்பைச் செருகினால், பார்ப்பவர் அதுவும் எம்ஐடிதான் என்று நினைத்துவிடுவார்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலும் பல வருடம் ஃபர்ம்வேரைத் தன் சோர்ஸுக்குள்ளேயே வைத்திருந்தது. 2017இல் வந்த 4.14 பதிப்பில்தான் அந்த ஃபர்ம்வேர் அடைவு (ஃபோல்டர்) போனது. இப்போது பைனரிகளுக்கென்றே லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்று தனி ரெப்போ இருக்கிறது. அதில் 'வென்ஸ்' என்று ஓர் உரைக்கோப்பு: எந்த டிரைவருக்கு (சாதனத்தை இயக்கும் மென்பொருளுக்கு) எந்தக் கோப்பு, அதற்கு என்ன லைசென்ஸ் என்று வரிசையாக இருக்கும். பைனரி வைத்தே ஆகவேண்டியவர்கள் காப்பியடிக்க வேண்டியது இதைத்தான். கூடவே பதிப்பு எண், எங்கிருந்து எடுத்தது, ஷா-256 மதிப்பு (கோப்பின் கைரேகை போன்ற எண்). "ஃபர்ம்வேர் அப்டேட்" என்று இரண்டே வார்த்தையில் கமிட் (ரெப்போவில் மாற்றத்தைப் பதிவது) போட்டுவிட்டுப் போனால், மூன்று வருடம் கழித்து அது எந்தப் பதிப்பு என்று போட்டவருக்கே தெரியாது.

தப்பாகப் போட்டதை அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்பது அடுத்த நப்பாசை. 20 எம்பி கோப்பை இன்று கமிட் செய்து நாளை நீக்கினாலும், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் வரலாற்றில் அது அப்படியே கிடக்கும். முழு வரலாற்றோடு ரெப்போவைக் குளோன் செய்கிற (நகலெடுக்கிற) ஒவ்வொருவரும் அதையும் சேர்த்தே இறக்குவார். வரலாற்றைத் திருத்தி எழுதலாம்தான். ஆனால் அந்தக் கமிட்டிலிருந்து அதற்குப் பின் வந்தவற்றின் ஹாஷ் (கமிட்டின் அடையாள எண்) எல்லாம் மாறி, எல்லாருடைய குளோனும் குழம்பும்.

பைனரியை ரிவ்யூவில் யாரும் படிப்பதில்லை, படிக்கவும் முடியாது. 2024 மார்ச்சில் அம்பலமான, எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்கும் மென்பொருளின் பின்கதவு (ரகசிய நுழைவழி), சோதனைக்கான கோப்புகள் என்ற பெயரில்தான் உள்ளே வந்தது. அது எந்த சிப் கம்பெனியும் கொடுத்ததல்ல. ஆனாலும் ஒளிந்துகொள்ள இடம் தந்தது பைனரிதான்.

எல்லாப் பைனரியையும் ஒரே தட்டில் வைப்பதும் தவறு. சாதனத்தின் சிப்பில் ஓடும் ஃபர்ம்வேர் வேறு, நம் சிபியுவில் கெர்னலின் முழு அதிகாரத்தோடு ஓடும், சோர்ஸ் தராத மூடிய டிரைவர் வேறு. ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம் இரண்டாவதைக் கிட்டேயே சேர்க்காது. முதலாவதை எடுத்துத் தரத் தனிக் கருவியே வைத்திருக்கிறது. எனக்கும் அந்தக் கோடுதான் சரியாகப் படுகிறது. (ஃபர்ம்வேரைச் சாதனத்தின் ஃபிளாஷிலேயே எழுதி விற்றால் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை என்பது தனி வேடிக்கை.)

கொள்கைப் பிடிப்பில் எல்லாவற்றையும் வழித்தெறிந்துவிட்டுப் பயனரிடம் சொல்லாமல் இருப்பதும் சறுக்கல்தான். வைஃபை ஃபர்ம்வேர் இல்லாத இன்ஸ்டாலர் அதை இறக்க நெட்வொர்க் கேட்கும். நெட்வொர்க்குக்கு அந்த ஃபர்ம்வேர் வேண்டும். டெபியன் என்னும் லினக்ஸ் விநியோகம் 2022இல் இதற்காகவே வாக்கெடுத்தது. 2023இல் வந்த டெபியன் 12 முதல் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரிலேயே ஃபர்ம்வேர் வருகிறது. ஆனால் பிரதான களஞ்சியத்தில் கலக்கவில்லை, அதற்கென்று தனிப் பிரிவு. வேண்டாம் என்பவர் பூட் ஆகும்போதே அணைத்துவிடலாம்.