வயசுக்கு மீறின பாட்டு பாடுற புள்ளைக்கு வர்ற கமெண்ட்டுகள சமாளிக்கிறது எப்படி

என் அக்கா பொண்ணுக்கு அப்ப 14 வயசு. தானே எழுதி தானே மெட்டுப் போட்டு கிட்டாரோட உக்காந்து ஒரு பாட்டு பாடுனா. பாட்டுல வர்றது புருஷன் செத்துப்போன ஒரு வயசான அம்மா, கட்டில்ல அவரு படுக்குற பக்கத்த இன்னும் காலியா விட்டு வெச்சு ஓரமா ஒடுங்கி தூங்குறாங்கன்னு ஒரு வரி வரும். வீடியோ போட்டு ரெண்டே நாள்ல கமெண்ட் கொட்டுது. "யாரும்மா உன்ன ஏமாத்துனது", "இந்த வயசுல இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்", "பிஞ்சுலயே பழுத்துருச்சு", "அப்பா அம்மா என்ன பண்ணிட்டு இருக்காங்க", நடுநடுவுல "கண்ணு கலங்கிருச்சு தங்கம்". அவ போன என்கிட்ட நீட்டி கேட்டா, "சித்தி, பாட்டுல வர்ற பாட்டிக்கு எழுபது வயசு. இவங்க எல்லாரும் ஏன் எனக்கு லவ் ஃபெயிலியர்னு நெனைக்கிறாங்க?"

அன்னிக்கு எனக்கு பதில் சொல்லத் தெரியல. அதுக்கப்புறம் ரெண்டு வருஷமா அந்த சேனலோட கமெண்ட்ட நான்தான் பாத்துட்டு இருக்கேன், அதுல பட்டுத் தெரிஞ்சுகிட்டத உங்க வீட்லயும் இப்படி ஒரு புள்ள இருந்தா உதவும்னு எழுதுறேன்.

முதல்ல வீடியோ போடுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது. வயசுக்கு மீறின பாட்டுன்னு ஊரு ஒரே வார்த்தைல சொல்லிடுது, ஆனா அதுல ரெண்டு ஜாதி இருக்கு. சாவு, தனிமை, அப்பா அம்மா பிரிஞ்சது, போர், கடன் இதெல்லாம் ஒண்ணு. உடம்பு, ஆசை, படுக்கை சமாச்சாரம் இன்னொண்ணு. முதல் ரகத்த ஒரு 13 வயசுப் புள்ள எழுதுனா அதுல ஒரு தப்பும் இல்ல, அந்த வயசுல கண்ணு காது எல்லாம் நல்லாவே தொறந்துதான் இருக்கும், வீட்ல பெரியவங்க மெதுவா பேசுறது எல்லாம் அவங்களுக்கு கேக்குது. ரெண்டாவது ரகம் வந்தா நிறுத்தி யோசிக்கணும், முக்கியமா அந்த வரிய எழுதுனது யாருன்னு பாக்கணும். 1966ல பிரான்ஸ்ல ஃப்ரான்ஸ் கால்னு ஒரு பாடகி, 18 வயசு, செர்ஜ் கேன்ஸ்பூர்க்னு ஒரு பாட்டாசிரியர் எழுதிக் குடுத்த லாலிபாப் பாட்ட பாடுனாங்க. அது உள்ளுக்குள்ள வேற அர்த்தம் வெச்ச பாட்டு, அவங்களுக்கு அது பாடும்போது புரியவே இல்ல, ஊரே சிரிச்சதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது, தன்ன ஏமாத்திட்டாங்கன்னு பின்னாடி வேதனையா சொன்னாங்க. அதனால நான் பண்றது இதுதான், பாட்ட வரி வரியா படிச்சு ஒவ்வொரு வரிக்கும் "இது என்ன சொல்லுது"ன்னு புள்ளைகிட்டயே கேப்பேன். தன் வார்த்தைல சொல்லிட்டா அது அவளோட வரி. முழிச்சா, அது வேற யாரோ நுழைச்ச வரி, எடுத்துடலாம்.

இன்னொன்னு, பாதி சண்டை பாட்டால வர்றதே இல்ல. தம்ப்நெயில்ல ஒதட்டுச் சாயம் போட்டு கண்ண ஒரு மாதிரி வெச்சு ஒரு ஃபோட்டோ, அது யாரு ஐடியா? பெரியவங்க ஐடியா. வியூஸ் வரணும்னு நாமளே புள்ளைய பெரிய மனுஷி மாதிரி ஜோடிச்சுட்டு, அப்புறம் "ஏன் இப்படி பேசுறாங்க"ன்னு அழுதா எப்படி? வீட்ல போடுற சட்டையே போதும். ஸ்கூல் பேரு போட்ட டீஷர்ட், ஜன்னல் வழியா தெரியிற தெருப்பலகை இது ரெண்டும் மட்டும் ஃப்ரேம்ல வராம பாத்துக்கோங்க.

அப்புறம் எழுதுன பாட்ட எல்லாம் உடனே வெளியிடணும்னு சட்டம் கிடையாது. கேட் புஷ்னு ஒரு இங்கிலாந்து பாடகி, 13 வயசு வாக்குல எழுதுன ஒரு பாட்ட 16 வயசுல ரெக்கார்ட் பண்ணி, அது வெளிய வந்தது 1978ல, அப்ப அவங்களுக்கு 19. ரெக்கார்ட் கம்பெனி ஒப்பந்தம் போட்டுட்டு, கொஞ்சம் வளரட்டும்னு காத்திருந்தாங்க. நோட்டுல இருக்குற பாட்டு அழுகிப் போகாது.

சரி, வீடியோ போட்டாச்சு. முதல் ரெண்டு நாள் கமெண்ட்ட புள்ள படிக்கக் கூடாது, ஒரு பெரியவங்க படிக்கணும், இதுல மட்டும் நான் விட்டுக்குடுக்கிறதே இல்ல. எல்லா கமெண்ட்டையும் நிறுத்தி வெச்சு நாம பாத்து விடுற மாதிரி யூடியூப் ஸ்டுடியோல செட்டிங் இருக்கு, அத போட்டுடுங்க. சின்னப் புள்ள வர்ற வீடியோன்னு தெரிஞ்சா யூடியூபே கமெண்ட்ட மூடிடுறதும் உண்டு, அப்படி ஆனா வருத்தப்படாதீங்க, எனக்கெல்லாம் அது நிம்மதி.

படிக்கும்போது கமெண்ட்ட திட்டுறது, பாராட்டுறதுன்னு பிரிக்காதீங்க. நான் முதல்ல அப்படித்தான் பிரிச்சேன், அதான் பண்ண தப்பு. எழுதுனவருக்கு என்ன வேணும்னு பாருங்க.

ஒரு கூட்டத்துக்கு சந்தேகம். இவ எழுதல, யாரோ எழுதிக் குடுத்துட்டாங்க, இல்ல வயச கொறச்சு சொல்றாங்க. லார்டுன்னு ஒரு நியூசிலாந்து பாடகிக்கு இது நடந்துச்சு, 16 வயசுல 2013ல அமெரிக்க சார்ட்ல முதல் இடத்துக்கு வந்த பொண்ணு, பேச்சும் பாட்டும் பெரியவங்க மாதிரி இருக்குன்னு வயசுல சந்தேகம் கிளம்பி, கடைசில ஒரு இணைய இதழ் 2014ல அவங்க பிறப்புச் சான்றிதழையே வாங்கிப் பாத்து 1996ல பொறந்தது உண்மைதான்னு போட்டுச்சு. யோசிச்சுப் பாருங்க, ஒரு புள்ள நல்லா எழுதுனதுக்கு பர்த் சர்டிஃபிகேட்! இந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு தடவ பதில் சொன்னா போதும், அடிச்சுத் திருத்துன நோட்டுப் பக்கத்த ஒரு ஃபோட்டோ எடுத்து சேனல்ல போட்டுடுங்க, அதுக்கு மேல நிரூபிச்சுட்டே இருக்காதீங்க. நம்பாதவங்க ரத்தப் பரிசோதனை குடுத்தாலும் நம்ப மாட்டாங்க.

இன்னொரு கூட்டத்துக்கு கோவம், இந்த வயசுல இதப் பத்தி பேசலாமான்னு. இதுல நான் கொஞ்சம் புள்ள பக்கம். ஜேனிஸ் இயன்னு ஒரு அமெரிக்கப் பாடகி, 14 வயசு வாக்குல, கறுப்பினப் பையன காதலிச்ச ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு ஊருக்கு பயந்து அவன விட்டுட்டுப் போறத பத்தி ஒரு பாட்டு எழுதுனாங்க. பல கம்பெனி வேண்டாம்னுச்சு, 1966ல வெளிய வந்ததும் பல ரேடியோ போட மாட்டோம்னுச்சு, கலிஃபோர்னியால ஒரு கச்சேரில கூட்டத்துல ஒரு கும்பல் இனவெறி வார்த்தைய கத்தி அந்தப் புள்ளைய அழ வெச்சு மேடைய விட்டே ஓட வெச்சுது, அப்புறம் திரும்பி வந்து பாடி முடிச்சாங்க. 1967ல லெனார்ட் பெர்ன்ஸ்டைன்னு ஒரு பெரிய இசையமைப்பாளர் தன் டிவி நிகழ்ச்சில அவங்கள கூப்பிட்டு பாட வெச்ச பிறகுதான் பாட்டு ஏறுச்சு. அங்க கத்துனவங்களுக்கு பிரச்சனை வயசு இல்ல, விஷயம். "இந்த வயசுல இதெல்லாமா"ன்னு யாராவது கேட்டா நான் முதல்ல பாக்குறது, இதே வரிய ஒரு நாப்பது வயசுக்காரர் பாடியிருந்தா இவருக்கு வலிச்சிருக்காதான்னு.

கவலைப்பட்டு எழுதுறவங்க சில பேரு, அவங்கள தள்ளிடாதீங்க. பாட்டுல சாகணும்ங்கிற மாதிரி வரி வந்து, "இந்தப் புள்ள நல்லா இருக்கா"ன்னு யாரோ கேட்டா, கமெண்ட்ல பதில் வேண்டாம், புள்ளைய தனியா உக்கார வெச்சு நேராவே கேளுங்க, "உனக்கு அப்படி தோணுதாடா"ன்னு. அப்படி கேட்டா அந்த நெனப்ப நாமளே விதைச்ச மாதிரி ஆயிடும்னு ஒரு பயம் இருக்கு, அது தப்பு, நேரா கேக்குறதால ஆபத்து கூடுறதில்ல. ஆமான்னு சொன்னா பாட்டு, சேனல் எல்லாம் அப்புறம், முதல்ல டாக்டர்.

இப்ப அசிங்கமான பகுதி.

அந்த முதல் வீடியோவுக்கு கீழ ஒரு ஆள் வெறும் "1:12"ன்னு மட்டும் போட்டிருந்தான். அதுக்கு கீழ இன்னும் நாலு பேரு இதயம் போட்டிருந்தாங்க. எங்க அக்கா சந்தோஷமா சொன்னா, அந்த இடத்துல சுதி ஏறுதுல்ல, அது புடிச்சிருக்கு போலன்னு. நான் போயி பாத்தேன். 1:12ல பாட்டே இல்ல. கீழ விழுந்த கிட்டார் பிக்க எடுக்க புள்ள குனியுறா, அவ்ளோதான். எனக்கு கை நடுங்கிருச்சு.

இது ஏதோ ஒருத்தன் ரெண்டு பேரு வேலை இல்ல. இந்த மாதிரி நேரம் குறிச்சுக் காட்டுற கூட்டத்த பத்தி பெரிய சத்தம் ஆகித்தான் 2019 பிப்ரவரில யூடியூப் சின்னப் பசங்க வர்ற கோடிக்கணக்கான வீடியோக்கள்ல கமெண்ட்ட மூடுச்சு. அதனால வெறும் நேரம் மட்டும் போட்ட கமெண்ட் வந்தா அந்த நொடிய போயி பாருங்க. தப்பா இருந்தா முதல்ல பேரும் லிங்க்கும் தேதியும் தெரியிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட், அப்புறம் ரிப்போர்ட், அப்புறம் சேனல்ல இருந்து அந்த ஆள ஹைட் பண்ணிடுங்க, அவன் எழுதுறது அவனுக்கு மட்டும் தெரியும், வேற யாருக்கும் தெரியாது. இந்த வரிசைய மாத்தாதீங்க, கோவத்துல முதல்ல பிளாக் பண்ணிட்டா ஆதாரம் தேட கஷ்டம். அந்தத் துண்ட வெட்டிட்டு வீடியோவ திரும்பப் போடுங்க, வியூஸ் போனா போகட்டும்.

இதவிட நைசா வர்றது ஒண்ணு இருக்கு, அது பாராட்டு வேஷத்துல வரும். "நீ மத்த புள்ளைங்க மாதிரி இல்ல", "உனக்கு வயசுக்கு மீறின மனசு", "முப்பது வயசுப் பொண்ணுகிட்ட பேசுற மாதிரியே இருக்கு". பொதுவுல ஒரு தடவ எழுதிட்டுப் போனா சும்மா விட்டுடலாம், நல்லவங்களும் அப்படி எழுதுறாங்க. அதையே ஒரு பெரிய ஆள் தனி மெசேஜ்ல அனுப்பி, அடுத்து "உன்ன யாருக்கும் புரியாது, எனக்கு புரியும்"னு ஆரம்பிச்சு, அடுத்து "இத வீட்ல சொல்லாத"ன்னா, அது வலை. இந்த மூணு வாக்கியத்த நான் அக்கா பொண்ணுகிட்ட அப்படியே சொல்லி வெச்சிருக்கேன், திட்டு வார்த்தைய எல்லாம் அவளே கண்டுபுடிச்சுடுவா, இனிப்பத்தான் கண்டுபுடிக்க கஷ்டம். பாட்டுப் பக்கத்த பெரியவங்க நடத்துங்க, மெசேஜ் பொட்டிய மூடிடுங்க, புள்ளையோட சொந்த இன்ஸ்டா தனியா பிரைவேட்டா இருக்கட்டும். 16 வயசு ஆகாதவங்க தனியா லைவ் போக யூடியூப் 2025 ஜூலைல இருந்து விடுறதில்ல, அதுக்கு குறுக்கு வழி தேடாதீங்க.

யாராவது முகத்த ஒட்டி அசிங்கமா படம் பண்ணிட்டா டேக் இட் டவுன்னு ஒரு இலவச சேவை இருக்கு, காணாமப் போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான அமெரிக்க தேசிய மையம் 2023ல ஆரம்பிச்சது. படத்த எங்கயும் அனுப்பத் தேவையில்ல, உங்க மெஷின்லயே அதுக்கு ஒரு எண் உருவாகி அது மட்டும்தான் போகும், அத வெச்சு இதுல சேந்திருக்குற தளங்கள் அந்தப் படத்த தேடி எடுப்பாங்க. கூடவே போலீஸ்லயும் சொல்லணும், அது உங்க ஊரு சட்டப்படி.

நான் எதிர்பாக்காத ஒரு ரகமும் வந்துச்சு, மத்த புள்ளைங்க. "அக்கா எங்க வீட்லயும் இப்படித்தான், எனக்கு வாழவே புடிக்கல"ன்னு ஒரு கமெண்ட், ராத்திரி ரெண்டு மணிக்கு. இவ ஒரு 14 வயசுப் புள்ள, பாட்டு எழுதுனதுக்காக இவ கவுன்சிலர் ஆயிட முடியாது, பதில் சொல்லியே ஆகணும்னு தூங்காம கெடந்தா. அந்த பொறுப்ப அவகிட்ட இருந்து வாங்கிடுங்க. பெரியவங்க பேர்லயே பதில் போடுங்க, நீ சொன்னத படிச்சோம், உன் பக்கத்துல இருக்குற ஒரு பெரியவங்ககிட்ட இன்னிக்கே சொல்லு, இதான் உதவி நம்பர்னு. நம்பர முன்னாடியே எடுத்து வெச்சுக்கோங்க, அந்த நேரத்துல தேட கை ஓடாது.

மேடை, பேட்டின்னு வந்தா தொகுப்பாளர்தான் தலைவலி. "இவ்ளோ ஃபீல் பண்ணி பாடுறியே, யாரு அந்தப் பையன்?"னு வாயக் கிளறுவாங்க, ஜனமும் ஓன்னு சிரிக்கும். முன்னாடியே போயி அந்தக் கேள்வி வேண்டாம்னு சொல்லிடுங்க, ஒத்துக்கலைன்னா அந்த நிகழ்ச்சியே வேண்டாம். மீறி கேட்டுட்டா சொல்ல ஒரு வாக்கியம் போதும், "இது நான் இல்லைங்க, பாட்டுல வர்றவங்க". கொலைகாரன பத்தி கதை எழுதுனவர யாரும் எத்தன கொலை பண்ணீங்கன்னு கேக்குறதில்ல, பொண்ணு பாடுனா மட்டும் அது டைரி ஆயிடுது. அதுக்கு மேல விளக்கம் குடுக்கப் போனா வெறும் வாய மெல்லுறவங்களுக்கு அவல் குடுத்த மாதிரிதான்.

கடைசியா, நல்ல கமெண்ட்ட மட்டும் எடுத்து தனியா ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க, ரெண்டு நாள் கழிச்சு புள்ளைக்கு முதல்ல அதத்தான் காட்டணும். மொத்தமா காட்டாதீங்க, "சூப்பர் சூப்பர்"னு இருநூறு கமெண்ட்ட பாத்தா தலையும் கனக்கும், ஒண்ணும் மனசுல நிக்காது. பாட்ட உண்மையா கேட்டவங்க எழுதுனது அஞ்சாறு தேறும். எங்க ஃபோல்டர்ல மொத ஸ்க்ரீன்ஷாட் ஒரு பெரியவர் எழுதுனது, படம் கூட இல்ல, வெறும் எழுத்து மட்டும் இருக்குற அக்கவுண்ட்: "எங்க வீட்டு கட்டிலிலும் அந்தப் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது அம்மா. ஆறு வருஷம் ஆகிறது. நான் இன்னும் ஓரமாகத்தான் படுக்கிறேன்." இவ அத மூணு தடவ படிச்சுட்டு, நோட்ட எடுத்து ரெண்டாவது சரணத்துல ஏதோ திருத்த ஆரம்பிச்சுட்டா.